இளைப்பதற்கு ஒரு டப்பா

சென்ற ஆவணி மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை. பரீட்சைத் தாள்களைத் திருத்தி முடித்துவிட்டு, மூக்குக் கண்ணாடியைக் கழற்றி வைத்துச் சற்றுச் சிரமபரிகாரம் செய்துகொண்டிருந்தோம். அடுத்த வீட்டு அம்மாள் கையில் ஒரு டப்பாவுடன் உள்ளே வந்தார்.

"ஸார், இதன் பின்புறத்தில் எறும்பு ஊர்ந்தாற்போல் என்னவோ அச்சடித்திருக்கிறான். என் கண்ணுக்குப் புலப்படவில்லை. கொஞ்சம் படித்துச் சொல்லுங்கள். பணம் கொடுத்து வாங்கியாயிற்று, குழந்தைக்குக் கொடுக்கலாமா என்பதுதான் தெரியவில்லை" என்றார்.

குழந்தை என்று அவர் குறிப்பிட்டது 26 வயதான தம் பெண்ணை. பாங்கியில் உத்தியோகம் பார்க்கும் கெட்டிக்காரப் பெண். வரன் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். வந்த பிள்ளை வீட்டாருக்கு ஜாதகம் பிடித்திருந்தது, குடும்பமும் பிடித்திருந்தது. "பெண் மட்டும் சற்று இளைத்தால் தேவலை" என்று சொல்லிவிட்டுப் போனார்களாம். பிள்ளையாண்டானுடைய தொந்தியைப் பற்றி யாரும் பிரஸ்தாபிக்கவில்லை. மறுநாளே கைப்பேசியில் விளம்பரம் வந்து நின்றது. 30 நாளில் 10 கிலோ எடை குறையும், பத்தியம் வேண்டாம், தேகப்பயிற்சி வேண்டாம், முழுக்க முழுக்க மூலிகை, விலை ரூ. 2,999.

கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தோம். முன்புறத்தில் கொட்டை எழுத்துக்களில் கண்ட அற்புதங்கள் பின்புறத்துப் பொடி எழுத்துக்களில் ஒன்றுகூட இல்லை. அங்கே முதலாவதாகக் கண்ட சரக்கு 'கார்ஸீனியா கம்போஜியா'.

"அப்படியென்றால் என்ன ஸார்?"

"குடம்புளி, அம்மா."

அந்த அம்மாளுக்குப் பிறந்தகம் நாகர்கோவில். சிரிப்பு தாங்கவில்லை. "இதையா மூவாயிரம் ரூபாய் கொடுத்து வாங்கினேன்? எங்கள் வீட்டு மீன் குழம்பில் தலைமுறை தலைமுறையாக இதைத்தானே போடுகிறோம்! எங்கள் பெரியம்மாமார் ஒருவராவது இளைத்ததாகக் காணோமே!" என்றார்.

பெரியம்மாமாரின் தேகத்தை மட்டும் சாட்சியாக வைத்துத் தீர்ப்புச் சொல்வது நியாயமன்று. ஆகவே விஷயத்தைச் சற்று விசாரித்தோம். விசாரித்ததில் தெரியவந்ததை நேயர்களுக்கும் சொல்லிவைப்பது நல்லது என்று தோன்றுகிறது. ஏனெனில் இந்த டப்பா ஒரு வீட்டுக்கு மட்டும் வருவதன்று.

* * *

முதலில் கணக்கைப் பார்ப்போம். நம் உடம்பில் சேர்ந்துள்ள கொழுப்பில் ஒரு கிலோ கரைவதற்கு ஏறக்குறைய 7,700 கலோரி செலவாக வேண்டும். 10 கிலோவுக்கு 77,000. அதை 30 நாளுக்குப் பங்கிட்டால் நாள் ஒன்றுக்கு 2,500 கலோரிக்கு மேல் வருகிறது. நாற்காலியில் உட்கார்ந்து வேலை செய்யும் ஒரு பெண்ணுக்கு ஒரு நாள் முழுவதும் தேவைப்படும் ஆகாரமே அவ்வளவு இராது. அதாவது, ஒரு மாதம் பச்சைத் தண்ணீரைத் தவிர வேறொன்றும் அருந்தாமல் கிடந்தாலும் அத்தனை கொழுப்புக் கரையாது. எட்டாம் வகுப்புப் பையன் போடக்கூடிய கணக்கு இது. எனினும் விளம்பரத்தைப் பார்க்கும்போது நம்மில் யாருக்கும் கணக்கு ஞாபகம் வருவதில்லை.

குடம்புளிக்கு இந்தப் புகழ் எப்படி வந்தது? அதிலுள்ள 'ஹைட்ராக்ஸி ஸிட்ரிக்' அமிலம், மாவுச்சத்தைக் கொழுப்பாக மாற்றும் ஒரு நொதியத்தின் வேலையைத் தடுக்கிறது. இது பரிசோதனைச் சாலையில் கண்ட உண்மை. எலிகளுக்குக் கொடுத்தபோது அவற்றின் தீனியும் குறைந்தது. ஆனால் எலிக்கு ஆனதெல்லாம் மனிதனுக்கும் ஆகுமா?

1998-ஆம் வருஷத்தில் நியூயார்க் நகரில் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். பருமனான 135 பேரைச் சேர்த்துக்கொண்டு, எல்லோருக்கும் ஒரேவிதமான குறைந்த ஆகாரத்தை விதித்தார்கள். ஒரு பாதிப் பேருக்குக் குடம்புளிச் சத்து. மறு பாதிக்கு அதே தோற்றமுள்ள வெறும் மாத்திரை. யாருக்கு எது என்பது கொடுப்பவருக்கும் தெரியாது, உண்பவருக்கும் தெரியாது. 12 வாரம் கழித்து எடை பார்த்தார்கள். குடம்புளி உண்டவர்கள் சராசரி 3.2 கிலோ குறைந்திருந்தார்கள். வெறும் மாத்திரை உண்டவர்கள் 4.1 கிலோ குறைந்திருந்தார்கள்! இந்த வித்தியாசம் தற்செயலாக ஏற்படக்கூடியதுதான் என்று விட்டுவிடலாம். ஆனால் குடம்புளியினால் கூடுதலாக ஒன்றும் ஆகவில்லை என்பது தெளிவாயிற்று.

வெறும் மாத்திரை எதற்கு என்று சிலர் கேட்கலாம். நமது பள்ளிக்கூட அநுபவத்திலேயே இதற்குப் பதில் இருக்கிறது. ஒரு பையன் தனிப் பாடத்துக்குப் பணம் கட்டியதும் மார்க்கு வாங்கத் தொடங்குகிறான். வாத்தியாருக்குப் பேர் வருகிறது. உண்மையில், அப்பா பணம் கட்டிவிட்டாரே என்று பையன் விளையாட்டைக் குறைத்துக்கொண்டு புஸ்தகத்தைத் திறந்திருப்பான். டப்பா விஷயமும் இப்படித்தான். மூவாயிரம் ரூபாய் கொடுத்தவர் சாயங்காலத்து பஜ்ஜியை நிறுத்துகிறார். காலையில் நாலு தெரு நடக்கிறார். இளைக்கிறார். புகழ் டப்பாவுக்குப் போகிறது. நன்றியுடன் நாலு பேரிடம் சொல்கிறார். அந்த நாலு பேரும் ஆளுக்கொரு டப்பா வாங்குகிறார்கள்.

குடம்புளிக்குப் பிறகு வந்தது வறுக்காத காப்பிக் கொட்டை. 2012-ல் வெளியான ஓர் ஆராய்ச்சிக் கட்டுரை, அதன் சத்தை உண்டவர்கள் 22 வாரத்தில் சராசரி 8 கிலோ இளைத்தார்கள் என்று சொல்லிற்று. அமெரிக்கத் தொலைக்காட்சியில் டாக்டர் மெஹ்மெத் ஆஸ் என்னும் பிரபலஸ்தர் அந்தக் காப்பிக் கொட்டையை வானளாவப் புகழ்ந்தார். டப்பாக்கள் பறந்தன. இந்த ஆராய்ச்சி நடந்தது நமது இந்தியாவில். அதில் கலந்துகொண்டவர்களோ மொத்தம் 16 பேர். 2014-ல் அமெரிக்க வர்த்தகக் கமிஷன் விசாரித்தபோது குட்டு வெளிப்பட்டது. எடைக் குறிப்புக்கள் திரும்பத் திரும்பத் திருத்தப்பட்டிருந்தன. யார் எந்த மாத்திரையை எப்பொழுது உண்டார் என்பதும் மாற்றிச் சொல்லப்பட்டிருந்தது. சரக்கை விற்ற கம்பெனி 35 லட்சம் டாலர் கட்ட ஒப்புக்கொண்டது. கட்டுரை வாபஸ் வாங்கப்பட்டது. டாக்டர் ஆஸ் செனட் சபைக் கமிட்டியின் முன் உட்கார்ந்து பதில் சொல்ல நேர்ந்தது. பரீட்சைத் தாளில் மார்க்கைத் திருத்தும் பையனை நாம் வகுப்புக்கு வெளியே நிறுத்துகிறோம். இங்கே திருத்திய மார்க்கை நம்பி எத்தனை வீடுகளில் பணம் போயிற்றோ!

பச்சைத் தேயிலையைப் பற்றியும் பல சோதனைகளைத் திரட்டிப் பார்த்து 2012-ல் ஒரு முடிவு சொன்னார்கள்: எடை குறைவது மிகச் சொற்பம், தேகத்துக்கு ஒரு பிரயோஜனமும் தெரியாத அளவு. கொஞ்சம் நியாயமான சாட்சியம் உள்ளது ஒரு கிழங்கின் நார்ச்சத்துக்கு. 'கொன்ஜாக்' என்னும் அக்கிழங்கின் நாரை நாளொன்றுக்கு 3 கிராம், மூன்று வேளையாகப் பிரித்து, உணவுக்கு முன் ஒன்றிரண்டு தம்ளர் தண்ணீருடன் உட்கொண்டால் எடை குறைய உதவும் என்று ஐரோப்பிய அதிகாரிகள் ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். ஆனால் ஒரு நிபந்தனை: ஆகாரத்தையும் குறைக்க வேண்டும்.

* * *

இத்துடன் கட்டுரை முடிந்துவிட்டது என்று எண்ணியிருந்தோம். ஐப்பசியில் அந்த அம்மாள் மறுபடியும் வந்தார். இம்முறை முகத்தில் சிரிப்பு இல்லை.

முதல் டப்பா பலிக்கவில்லை. பெண்ணின் சிநேகிதி ஒருத்தி வேறொரு மாத்திரையை வரவழைத்துக் கொடுத்திருக்கிறாள். அதுவும் மூலிகைதானாம். ஆனால் இது வேலை செய்தது! மூன்று வாரத்தில் 4 கிலோ. பசியே இல்லை. கூடவே, இரவில் தூக்கமும் இல்லை. வாய் வறண்டு போகிறது. மாடிப்படி ஏறினால் நெஞ்சு படபடக்கிறது. "பலன் தெரிகிறதே, நிறுத்தலாமா ஸார்?" என்று கேட்டார்.

நமக்குத் திக்கென்றது. பலிக்காத மாத்திரையினால் போவது பெரும்பாலும் பணம். நிஜமாகவே பலிக்கும் மாத்திரையைக் கண்டால்தான் அஞ்ச வேண்டும். பழைய சரித்திரம் அப்படி.

1933-ல் அமெரிக்காவில் ஸ்டான்போர்டு சர்வகலாசாலையைச் சேர்ந்தவர்கள் 'டைநைட்ரோபீனால்' என்ற மஞ்சள் பொடியால் உடம்பு இளைக்கிறது என்று கண்டார்கள். முதல் உலக யுத்தத்தில் வெடிமருந்துத் தொழிற்சாலைகளில் உபயோகித்த பொருள் அது. உடம்பிலுள்ள சக்தியை வீண் உஷ்ணமாக எரித்துவிடும். இளைத்தது உண்மை. பலருக்குக் கண்ணில் புரை விழுந்ததும், உஷ்ணம் தாங்காமல் சிலர் மாண்டதும் உண்மை. 1938-ல் புதிய சட்டம் வந்த பிறகே அது அங்கே அடங்கிற்று. எனினும் களவாக விற்பது ஒழியவில்லை. 2023-ல் பிரிட்டிஷ் சர்க்கார் அதை விஷப் பொருள் பட்டியலில் சேர்க்க வேண்டியதாயிற்று.

பிரஸ்ஸல்ஸ் நகரில் 1990 முதல் 1992 வரை ஓர் இளைப்பு வைத்திய நிலையத்தில் சீன மூலிகை கொடுத்தார்கள். ஒரு மூலிகைக்குப் பதிலாக வேறொன்று கலந்துவிட்டது. கலந்தது நம் நாட்டு ஆடுதின்னாப்பாளையின் இனத்தைச் சேர்ந்தது. ஆடும் தின்னாது என்று நம் முன்னோர் பெயரிலேயே எச்சரித்து வைத்த குடும்பம்! நூற்றுக்கு மேற்பட்டவர்களுக்குச் சிறுநீரகம் கெட்டது. அவர்களில் பலருக்குப் பின்னால் புற்றுநோயும் கண்டது. 'மூலிகைதானே, என்ன செய்துவிடும்?' என்பவர்கள் இதை நினைவில் வைக்க வேண்டும்.

'எபிட்ரா' என்ற செடியின் சத்தை இருதய விபத்துக்கள் காரணமாக 2004-ல் அமெரிக்கா தடுத்தது. 'ஸிபுட்ரமின்' என்பது டாக்டர்கள் எழுதிக் கொடுத்துவந்த பசியடக்கும் மருந்து. மாரடைப்பும் பக்கவாதமும் அதிகரிப்பது தெரிந்ததும் 2010-ல் மேல்நாடுகளும், 2011-ல் இந்தியாவும் அதை ஒழித்தன. ஒழிந்ததா என்றால் இல்லை. 2007 முதல் 2016 வரை அமெரிக்க அதிகாரிகள் மருந்துக் கலப்படம் கண்டுபிடித்த 776 சத்துச் சரக்குகளில் நூற்றுக்கு நாற்பது பங்கு இளைப்புச் சரக்குகள். அவற்றில் பெரும்பாலானவற்றில் ஒளிந்திருந்தது இதே ஸிபுட்ரமின். வாய் வறட்சி, தூக்கமின்மை, படபடப்பு எல்லாம் அதன் அடையாளங்களே.

"அம்மா, இன்றைக்கே நிறுத்துங்கள். மாத்திரை அட்டையையும் எடுத்துக்கொண்டு டாக்டரிடம் போங்கள்" என்றோம். போனார்கள். டாக்டர் நாடியையும் ரத்த அழுத்தத்தையும் பார்த்துவிட்டு, மாத்திரையை வாங்கித் தம் மேஜைக்குள் வைத்துப் பூட்டிவிட்டாராம். பத்து நாளில் படபடப்பு நின்றது.

* * *

சட்டம் இல்லையா என்றால், இருக்கிறது. 1954-ஆம் வருஷத்து மருந்து, மாய சிகிச்சை விளம்பரச் சட்டம், மருந்தினால் குணமாகும் என்று விளம்பரம் செய்யக்கூடாத நோய்களின் பட்டியலில் ஸ்தூலத்தையும் சேர்த்திருக்கிறது. அதனால்தான் டப்பாக்காரர்கள் தங்கள் சரக்கை மருந்து என்று சொல்லாமல் சத்துப் பொருள் என்கிறார்கள். 2016-ஆம் வருஷத்து உணவு விதிகளின்படி அத்தகைய டப்பாவில் 'வைத்திய உபயோகத்துக்கு அன்று' என்று அச்சிட வேண்டும். அந்த அம்மாளின் முதல் டப்பாவிலும் அந்த வாக்கியம் இருந்தது. அதைப் படிக்கத்தான் கண்ணாடி வேண்டியிருந்தது.

அப்படியானால் மெய்யான மருந்தே இல்லையா? உண்டு. 'ஸெமாகுளூடைட்' என்ற ஊசி மருந்தை 1,961 பேரிடம் 68 வாரம் சோதித்து 2021-ல் முடிவை வெளியிட்டார்கள். மருந்து பெற்றவர்கள் நூற்றுக்கு 15 பங்கு எடை குறைந்தார்கள், பெறாதவர்கள் 2.4 பங்கு. ஆனால் அதை டாக்டர் பார்த்துத்தான் கொடுக்க வேண்டும். குமட்டல் முதலிய உபாதைகள் உண்டு. நிறுத்திய ஒரு வருஷத்தில் குறைந்ததில் மூன்றில் இரண்டு பங்கு திரும்பி வந்துவிட்டது. மெய்யான மருந்து இத்தனை குறையையும் வெளிப்படையாகச் சொல்லிக்கொண்டுதான் விற்பனைக்கு வருகிறது. ஒரு குறையும் இல்லாதது விளம்பரத்து மருந்து ஒன்றுதான்.

நேயர்கள் டப்பா வாங்குமுன் மூன்று கேள்விகள் கேட்டுக்கொள்ளட்டும். எத்தனை பேரிடம் சோதித்தார்கள்? வெறும் மாத்திரையுடன் ஒப்பிட்டார்களா? உள்ளே இருப்பதெல்லாம் வெளியே எழுதியிருக்கிறதா? மூன்றுக்கும் பதில் கிடைக்காவிட்டால் பணப்பையை மூடிவிடலாம்.

அந்தப் பெண் இப்போது தினமும் மாலையில் நமது பள்ளிக்கூட மைதானத்தைத் தாயாருடன் சுற்றி வருகிறாள். எத்தனை கிலோ குறைந்தாய் என்று நாம் கேட்பதில்லை. கேட்பது மரியாதையும் அன்று. நன்றாகத் தூங்குகிறாள் என்று அம்மாள் சொன்னார். பிள்ளை வீட்டாருக்கு 'எங்களுக்குச் சௌகரியப்படாது' என்று பெண்ணே சொல்லி அனுப்பச் சொன்னாளாம்.

முதல் டப்பாவில் மீதமிருந்த குடம்புளியை என்ன செய்தீர்கள் என்று கேட்டோம். "அது மாத்திரையாகப் போய்விட்டதே ஸார், குழம்புக்குக் கூட ஆகாது!" என்று வருத்தப்பட்டார் அந்த அம்மாள்.