கற்பிக்கப்படும் பொறியும் நன்னூலார் கூறிய அரைக்கூறும்

ஆசிரியர் உரைத்ததை நன்கு உளங்கொண்ட வழியும் மாணவன் பெறுவது காற்கூறு புலமையே. உடன் பயில்வாரோடு பழகுதலால் மற்றொரு காற்கூறு வரும். எஞ்சிய அரைக்கூறோ, கற்றதைப் பிறர்க்குச் செவ்விதின் விரித்துரைப்பதனாலேயே கிட்டும் என்பது நன்னூற் பொதுப்பாயிரத்துட் பவணந்தி முனிவர் வகுத்த கணக்கு. இதனை எண்ணளவாகக் கொள்ளுதல் வேண்டா. கேட்டலினும் உரைத்தல் பெரிது என்னும் ஒப்பீடே ஈண்டு நாம் கொள்வது.

மாணவர்க்குக் கற்றல் துணையாக உரையாடு பொறிகளை அமைக்கும் முயற்சி இந்நாளிற் பெருகி வருகின்றது. 2022-இல் வெளிவந்த சாட்ஜிபிடி போல்வன, வினாவியவற்றுக்கெல்லாம் தடையின்றி விடை பகர்கின்றன. விடை பகர்தல் ஆசிரியர் தொழில். ஆகவே அவற்றை எத்துணை முறை வினாவினும் மாணவன் அடைவது முதற் காற்கூறே எனலாம்.

இதற்கு மறுதலையாயது, அமெரிக்காவின் வாண்டர்பில்ட் பல்கலைக்கழகத்திற் கௌதம் பிசுவாசு முதலியோர் ஆக்கிய 'பெட்டியின் மூளை' என்னும் மென்பொருள். (பெட்டி என்பது ஈண்டு ஆங்கிலப் பெண்பெயர், பேழை அன்று.) திரையில் தோன்றும் இம்மாணவி தானாக ஒன்றும் அறியாதவள். ஆற்றுநீர் வாழுயிர்களைப் பற்றிப் படிக்கும் சிறுவர், மீன் பெருகின் நீரிற் கரைந்த உயிர்வளி குறையும் என்றாற்போலக் காரண காரியங்களைக் கோடிட்டு இணைத்து அவளுக்குக் கற்பிப்பர். வினாவினால் அக்கோட்டின் வழியே சென்று விடை கூறுவாள். கோடு பிறழின் விடையும் பிறழும். தேர்வில் அவள் தவறுங்கால், தவறு யாருடையது என்பது கற்பித்த சிறுவனுக்குப் புலனாகும். இங்ஙனம் பொறிக்குக் கற்பிக்கும் சிறுவர், தமக்காகவே படிப்போரினும் மிகுதியான நேரத்தைப் படிப்பிற் செலவிட்டனர் என்று ஸ்டான்போர்டுப் பல்கலைக்கழகத்தார் 2009-இல் வெளியிட்ட ஆய்வு காட்டுகின்றது.

இற்றை உரையாடு பொறியையும் அறியாத மாணவனாக இருக்குமாறு பணித்தால் இப்பயன் விளையாதோ எனின், ஓரளவே விளையும் என்போம். பெட்டியின் அறியாமை மெய். இதன் அறியாமை நடிப்பு. மரம் என்பதனோடு கிளை என்பது புணருமாற்றை ஒரு மாணவன் விளக்குகின்றான் என்க. ஈற்று மகரம் கெடும் என்றவன், வல்லெழுத்து மிகும் என்பதை மறந்தான். பெட்டியனைய பொறியாயின் 'மரகிளை' என்றே விடை தரும். நடிக்கும் பொறியோ, தான் முன்னரே பெற்ற பயிற்சியால் 'மரக்கிளை' என்று கூறிவிடக்கூடும். முன்னதன் விடையில் மாணவன் தன் மறதியைக் காண்பான். பின்னதன் விடையைக் கேட்டுத் தான் முற்றும் விளக்கிவிட்டதாக மகிழ்ந்து செல்வான்.