பிளக்கின் நிறமும் குறிப்பறிதலும்

திருக்குறளில் ‘குறிப்பறிதல்’ என்னும் பெயரில் இரண்டு அதிகாரங்கள் உள்ளன. 71ஆம் அதிகாரம் அமைச்சன் அறிய வேண்டிய குறிப்பையும், 110ஆம் அதிகாரம் காதலர் அறியும் குறிப்பையும் கூறும். பெயர் ஒன்றே, சூழல் மாறப் பொருள் மாறுகிறது. இம்மொழியியல் உண்மையை மோட்டார்ப் பட்டறையிலும் காணலாம்.

பெட்ரோல் இயந்திரத்தில் எரிபொருள்–காற்றுக் கலவையைப் பற்றவைப்பது தீப்பொறிச் செருகி. பட்டறையில் அதற்குப் ‘பிளக்’ என்றே பெயர். அதன் நடுமுனையைச் சூழ்ந்துள்ள வெண்பீங்கான் எரியறைக்குள் நீண்டிருக்கும். அதில் படியும் நிறம் இயந்திரத்தின் நிலையைக் காட்டும்.

இளம்பழுப்பு நலத்தின் குறி. உலர்ந்த கருமை, பெட்ரோல் மிகுந்த கலவையைக் காட்டும். காற்று வடிகட்டி அடைபட்டிருக்கலாம். எண்ணெய்ப் பசையுள்ள கருமை, பிஸ்டன் வளையங்கள் தேய்ந்து மசகெண்ணெய் எரியறைக்குள் கசிவதன் அடையாளம். கொப்புளம் கண்ட வெண்மை மிகைவெப்பத்தைக் காட்டும். அதனைப் புறக்கணித்தால் பிஸ்டன் உருகித் துளைபடவும் கூடும்.

எனினும், இப்பட்டியலை மட்டும் மனப்பாடம் செய்தவர் பிழைபட நேரும். மூன்று சூழல்களையும் ஆராய்தல் வேண்டும்.

முதலாவது ஓட்டம். பிளக்கின் நுனி ஏறத்தாழ 500 பாகை செல்சியசு வெப்பத்தை எட்டினால்தான் படிந்த கரி தானே எரிந்து நீங்கும். ஜார்ஜ் டவுன் நெரிசலில் ஊர்ந்து வந்த ‘கப்சாய்’ வண்டியின் பிளக் கறுத்திருப்பது பழுதாகாது. சீராக ஓடிய பின் நிறுத்தி, இயந்திரம் ஆறியதும் கழற்றிப் பார்த்தலே முறை.

இரண்டாவது இயந்திர வகை. பழைய இருவீச்சு இயந்திரத்தில் மசகெண்ணெய் பெட்ரோலுடன் சேர்ந்தே எரிவதால், சற்று எண்ணெய்ப் பசை இருப்பது இயல்பு. நால்வீச்சு இயந்திரத்தில் அதுவே நோயின் குறி.

மூன்றாவது காலம். இயந்திர இடிப்பைத் தடுக்கும் ஈயச் சேர்மத்தை அமெரிக்காவில் தாமசு மிட்சிலி 1921இல் கண்டறிந்தார். அதன்பின் ஈயம் கலந்த பெட்ரோல் உலகெங்கும் பரவியது. அக்காலப் பிளக்குகளின் பழுப்பு நிறத்துக்கு ஈயப் படிவும் ஒரு காரணமாகும். இந்தியா 2000இலும், இறுதி நாடாக அல்சீரியா 2021இலும் அதனைக் கைவிட்டன. இன்றைய பெட்ரோலில் நலமான பிளக்கும் வெளுத்தே காணப்படலாம். பழைய கையேட்டைக் கொண்டு அவ்வெண்மையை நோயெனக் கொள்வது, சங்கச் சொல்லுக்கு இன்றைய வழக்கின் பொருளை ஏற்றுவதற்கு ஒப்பாகும்.

ஆகவே, மாணவர் தம் குறிப்பேட்டில் ‘கறுப்பு’, ‘வெள்ளை’ என மட்டும் எழுதுதல் போதாது. உலர்கருமை, பசைக்கருமை, வழுவழுப்பான வெண்மை, கொப்புள வெண்மை எனப் பிரித்தெழுதப் பழகுதல் நன்று; அடை சொல்லைத் தவறவிட்டால் இருவேறு நிலைகள் ஒரே பெயரில் மறைந்துவிடும். ஆசிரியரும் “என்ன நிறம்?” என வினவியபின், “எந்த ஓட்டத்துக்குப் பின்? எவ்வகை இயந்திரத்தில்? எந்த எரிபொருளில்?” எனத் தொடர்ந்து வினவுதல் வேண்டும்.