விரல் படிக்கும், ஒலி எழுத்தாகும்!

“கண் தெரியாத பிள்ளைக்குப் படிப்பு எதற்கு? காது கேளாத பிள்ளை பள்ளிக்கூடம் போய் என்ன செய்யப் போகிறது?”

நம் தோட்டப்புறங்களில் இப்படிக் கேட்ட பெற்றோர் பலர். அவர்களைக் குறை கூற இதை நான் எழுதவில்லை. விடியுமுன் பிரட்டுக்குப் போய், வெயிலேறும் வரை மரம் வெட்டிப் பால் எடுத்துத் திரும்பிய தாய்க்கு வழி சொல்ல ஆள் இருந்ததில்லை. ஆனால் அந்தக் கேள்விக்கு உலகம் என்றோ விடை கண்டுவிட்டது. அந்த விடையைக் கண்டவர்கள் விஞ்ஞானிகள் மட்டும் அல்லர். பார்வையற்றோரும் செவி கேளாதோரும் அவர்களோடு தோளுக்குத் தோள் நின்று உழைத்தார்கள். அந்தக் கூட்டு முயற்சியின் வரலாற்றை நம் வீட்டுப் பெரியவர்களும் பிள்ளைகளும் அறிவது நல்லது.

பன்னிரண்டு புள்ளி ஆறானது

பிரான்சு நாட்டில் சார்ல்ஸ் பார்பியே என்ற முன்னாள் இராணுவ அதிகாரி இருந்தார். தாளில் மேடான புள்ளிகளைக் குத்தி, விரலால் தடவிப் படிக்கும் முறை ஒன்றை அவர் வகுத்தார். 1821-ல் அது பாரீசில் இருந்த பார்வையற்றோர் பள்ளிக்கு வந்தது. நல்ல எண்ணம்தான், ஆனால் ஓர் எழுத்துக்குப் பன்னிரண்டு புள்ளிகள் வரை வேண்டும். விரல்நுனி ஒரே தொடுதலில் அத்தனையையும் உணர முடியாது. கண் உள்ளவருக்கு அந்தக் குறை தெரியவில்லை.

தெரிந்தது அந்தப் பள்ளி மாணவன் லூயி பிரெயிலுக்கு. தோல் தைக்கும் தந்தையின் பட்டறையில், மூன்று வயதில் ஊசி குத்திப் பார்வை இழந்த பிள்ளை அவன். பன்னிரண்டை ஆறாகக் குறைத்தான். 1824-ல் அவனுக்குப் பதினைந்து வயது. அதற்குள் முறை உருவாகிவிட்டது. ஆறே புள்ளிகளைக் கொண்டு 63 வடிவங்கள் கிடைக்கும். எழுத்து, எண், நிறுத்தற்குறி, இசைக்குறிப்பு எல்லாம் அதில் அடங்கும்.

தமிழுக்கும் பிரெயில் உண்டு. தடித்த அட்டையில் மூன்று மூன்றாக இரண்டு வரிசைப் புள்ளிகள் இருப்பதாக எண்ணிக்கொள்ளுங்கள். இடப்பக்கம் மேலே உள்ள ஒரு புள்ளி மட்டும் மேடாக இருந்தால் அது ‘அ’. அதே வரிசையின் அடிப்புள்ளியும் சேர்ந்தால் ‘க’. அவ்வளவு எளிது!

மகள் சோதித்த கருவி

ஆயினும் எல்லாப் புத்தகங்களும் பிரெயிலில் வருவதில்லை. அமெரிக்காவின் ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்தில் மின்பொறியியல் பேராசிரியராக இருந்தவர் ஜான் லின்வில். அவருடைய மகள் கேண்டி சிறு வயதிலேயே பார்வை இழந்தவர். மகள் படிப்பதற்காகத் தாய் மணிக்கணக்கில் அமர்ந்து பாடநூல்களைப் பிரெயிலில் பெயர்த்துக்கொண்டிருப்பார்.

1962-ல் ஜெர்மனியில் ஊசிகளால் அதிவேகமாக அச்சடிக்கும் இயந்திரம் ஒன்றை லின்வில் பார்த்தார். ‘ஊசியால் எழுத்தை அச்சிட முடியுமானால், விரலுக்கு உணர்த்தவும் முடியுமே!’ என்ற எண்ணம் பிறந்தது. தொடுவுணர்வை ஆராய்ந்து வந்த ஜேம்ஸ் பிளிஸ் அவரோடு சேர்ந்தார். அவர்களுடைய கருவியின் பெயர் ஆப்டகான். ஒரு கையால் சிறு கேமராவை அச்சு வரியின்மேல் நகர்த்த வேண்டும். மறு கையின் ஆள்காட்டி விரலின் அடியில் 144 நுண்ணிய ஊசிகள் அதிர்ந்து, எழுத்தின் வடிவத்தை அப்படியே காட்டும்.

ஒவ்வொரு மாதிரியையும் தொட்டுப் பார்த்துச் சோதித்தவர்களுள் கேண்டியும் ஒருவர். 1971-ல் கருவி விற்பனைக்கு வந்தது. கேண்டி பின்னாளில் உளவியலில் டாக்டர் பட்டம் பெற்றார்.

1976-ல் ரேமண்ட் கர்ஸ்வைல் என்பவர் அச்சு நூலை வாய்விட்டுப் படிக்கும் இயந்திரத்தை வெளியிட்டார். அமெரிக்கப் பார்வையற்றோரின் தேசியக் கூட்டமைப்பு அவரோடு கைகோத்து, இயந்திரத்தைப் பயன்படுத்திப் பார்த்துத் திருத்தங்கள் சொன்னது. அன்று அதன் விலை சுமார் 50,000 அமெரிக்க டாலர். இன்று அந்த வேலையைச் சட்டைப் பையில் உள்ள கைத்தொலைபேசி செய்கிறது. தமிழையும் படித்துக் காட்டுகிறது.

ஒன்றை மறந்துவிடக் கூடாது. ஆப்டகான் உற்பத்தி 1996-ல் நின்றுபோயிற்று. பதினைந்து வயதுப் பையனின் ஆறு புள்ளிகள் இருநூறு ஆண்டு கடந்தும் நிலைத்திருக்கின்றன. இயந்திரம் படித்துக் காட்டினால் செய்தி காதில் விழும்; ஒரு சொல்லை எப்படி எழுதுவது, எங்கே ஒற்று வரும் என்பது விரலால் படிக்கும் பிள்ளைக்குத்தான் பிடிபடும். ஆகவே கருவி வந்துவிட்டது என்று பிரெயிலைக் கைவிடுவது சரியன்று.

தொலைபேசியை வென்ற மூவர்

செவி கேளாதோர் கதையில் ஒரு விந்தை உண்டு. தொலைபேசிக்கு 1876-ல் உரிமை பெற்ற கிரகாம் பெல் காதுகேளாதோரின் ஆசிரியர். அவர் தாயும் மனைவியும் செவிப்புலன் இழந்தவர்கள். ஆனால் அந்தத் தொலைபேசியே ஏறக்குறைய தொண்ணூறு ஆண்டுகள் அவர்களுக்குக் கதவடைத்து நின்றது.

1964-ல் அந்தக் கதவைத் திறந்தவர்கள் மூவர்: இராபர்ட் வெய்ட்பிரெக்ட் என்ற பௌதிக அறிஞர், ஜேம்ஸ் மார்ஸ்டர்ஸ் என்ற பல் மருத்துவர், ஆண்ட்ரு சாக்ஸ் என்ற பொறியாளர். மூவருமே செவி கேளாதவர்கள்! பழைய தந்தித் தட்டச்சு இயந்திரத்தின் மின்குறிப்பை ஒலியாக மாற்றித் தொலைபேசிக்குள் அனுப்பினார்கள். மறுமுனையில் அந்த ஒலி மீண்டும் எழுத்தாகித் தாளில் அச்சானது. காது கேளாதவர் தொலைவில் உள்ளவருடன் தானே உரையாடத் தொடங்கினார்.

கேட்காமல் எடுத்த முடிவு

இதற்கு நேர்மாறான பாடமும் உண்டு. 1880-ல் இத்தாலியின் மிலான் நகரில் செவி கேளாதோர் கல்வி பற்றி மாநாடு கூடியது. வந்தவர்கள் ஏறக்குறைய எல்லாருமே காது கேட்பவர்கள். ‘சைகை மொழி வேண்டாம், உதட்டசைவும் வாய்ப்பேச்சுமே போதும்’ என்று தீர்மானித்தார்கள். அதன்பின் பல நாடுகளில் சைகை செய்த பிள்ளைகள் தண்டிக்கப்பட்டனர். செவி கேளாத ஆசிரியர்கள் வேலை இழந்தனர். 2010-ல் வான்கூவரில் நடந்த மாநாடு அந்தத் தீர்மானத்தை நிராகரித்து வருத்தம் தெரிவித்தது. இடையில் கழிந்தவை 130 ஆண்டுகள்! எத்தனை தலைமுறைப் பிள்ளைகள்!

பெற்றோருக்கு ஒரு வார்த்தை

கதவு படாரென்று அடித்தாலும் குழந்தை திடுக்கிடவில்லையா? ஆறு மாதமாகியும் தாயின் குரல் வந்த பக்கம் திரும்பவில்லையா? ஒரு வயது கடந்தும் ஒரு சொல்லும் வரவில்லையா? “அப்பனும் இப்படித்தான் தாமதமாகப் பேசினான்” என்று காத்திருக்க வேண்டாம். மருத்துவமனையில் செவியைச் சோதியுங்கள். மொழி வளரும் இளம் பருவம் போனால் திரும்ப வராது. சைகை கற்றால் பேச்சு வராமல் போய்விடும் என்று அஞ்சவும் வேண்டாம். குழந்தைக்கு முதலில் வேண்டியது ஒரு மொழி.

நம் நாட்டிலும் இதற்கு நெடுநாளாக வழி உண்டு. ஜொகூர் பாருவில் 1948-ல் பார்வையற்ற பிள்ளைகளுக்கும், பினாங்கில் 1954-ல் செவி கேளாத பிள்ளைகளுக்கும் பள்ளிகள் தொடங்கப்பட்டன. விடுதிக்கு அனுப்ப மனம் வராத தாய்மார்கள் உண்டு. அந்தப் பாசம் எனக்குப் புரிகிறது. ஆனால் வீட்டு மூலையில் உட்காரவைத்து ஊட்டும் சோறு எத்தனை நாளைக்கு? நமக்குப் பின் அந்தப் பிள்ளை யார் கையை எதிர்பார்த்து நிற்கும்?

உங்கள் வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ அப்படி ஒரு பிள்ளை இருந்தால், இந்த மாதமே பள்ளி ஆசிரியரிடமோ மருத்துவரிடமோ பேசுங்கள். எந்தக் கருவி வாங்கினாலும், எந்த முறையில் கற்பித்தாலும், “உனக்கு இது சரியாக இருக்கிறதா?” என்று பிள்ளையையே கேளுங்கள். பன்னிரண்டு புள்ளி அதிகம் என்று சொன்னவனும் ஒரு பிள்ளைதான்.