“அப்பா எப்போது வருவார்?”

சிறுபிள்ளைக்குச் சாவு விளங்காது என்பது நம்மவர் பலரது துணிபு. அதனால், பிள்ளை கேட்கும்போது, “அப்பா தூரத்துக்குப் போய்விட்டார்”, “நித்திரை கொள்கிறார்” என்று மழுப்பிவிடுகின்றோம். பரிவினாற் சொல்லும் சொற்களே இவை. ஆயினும் இவை பிள்ளையின் உள்ளத்தில் என்ன செய்கின்றன என்பதை ஆசிரியராகிய நாம் சிந்தித்தல் வேண்டும்.

ஹங்கேரி நாட்டு உளவியலாளர் மரியா நாகி, 3 முதல் 10 வயது வரையான 378 சிறுவரின் எண்ணங்களை ஆராய்ந்து, 1948ஆம் ஆண்டில் தம் முடிபுகளை வெளியிட்டார். ஐந்து வயதுக்குட்பட்டோர் சாவைப் பயணமாகவோ உறக்கமாகவோ கருதினர். போனவர் திரும்பலாம் என நம்பினர். அடுத்த பருவத்தினருட் பலர் அதனைப் பிடித்துச் செல்லும் ஓர் ஆளாகக் கண்டனர். ஒன்பது வயதளவிலேயே அது யாவர்க்கும் உரியது, மீளாதது என்னும் தெளிவு பிறந்தது. பின்வந்த ஆய்வாளரோ, ஆறு ஏழு வயதிலேயே இத்தெளிவைப் பலரிடம் கண்டனர்.

நாம் கூறும் பொய்கள் இரண்டும் அக்குழந்தையின் மயக்கங்கள் இரண்டுமே என்பதைக் கவனியுங்கள். பயணம் போனவரைப் பிள்ளை படலையடியிற் காத்து நிற்கும், வராதபோது, “நான் குழப்படி செய்ததாலா போனார்?” என்று தன்னையே நோகும். நித்திரை என்று கேட்ட பிள்ளை நித்திரைக்கே அஞ்சும்.

தந்தையை இழந்த ஒரு சிறுவன் என் வகுப்பிற் படித்தான். ஒருநாள் இடைவேளையில் அருகே வந்து, “சேர், சுடலையிலை அப்பாவுக்குச் சுட்டிருக்குமோ?” என்றான். “இல்லை ராசா, செத்த உடம்புக்கு நோகாது” என்றேன். தாய் அழுவாள் என்று வீட்டிற் கேளாது, அவ்வினாவை அவன் பல நாள் சுமந்து திரிந்திருக்கின்றான். பதிலைக் கேட்டதும் விளையாட ஓடிவிட்டான். இதனைத் துக்கமின்மை என்று கொள்ளலாகாது. பிள்ளைகள் துயரைச் சிறிது சிறிதாகவே அனுபவிப்பர். அழுகைக்கும் அழுகைக்கும் இடையே விளையாடுவர்.

நம் முன்னோர் பேரப்பிள்ளைகளின் கையிற் பந்தம் கொடுத்துப் பாட்டனைச் சுற்றி நிற்கச் செய்தனர். பிள்ளைக்கும் அத்துயரிற் பங்குண்டு என்பதை அவர்கள் அறிந்திருந்தனர். அப்பங்கினை வார்த்தையிலும் கொடுப்போம். “அப்பா செத்துவிட்டார், இனி வரமாட்டார். நீ செய்த எதனாலும் இது நேரவில்லை. உன்னைப் பார்க்க நாங்கள் இருக்கின்றோம்.” இந்த வாக்கியங்களைச் சொல்ல மனவலிமை வேண்டும். பிள்ளை மீண்டும் மீண்டும் கேட்கும். நாமும் சலியாது சொல்லவேண்டும்.