சாப்பாட்டு மேஜையில் ஒரு ஸ்டீயரிங்!

லைசென்ஸ் வேண்டாம், பெட்ரோல் வேண்டாம், ஹெல்மெட் வேண்டாம். ஆடாத சாப்பாட்டு மேஜை ஒன்று இருந்தால் போதும். ஜெர்மனியில் இருக்கும் நர்பர்க்ரிங் பந்தயப் பாதையை ராத்திரி பத்து மணிக்கு சேலம் அம்மாப்பேட்டையில் உட்கார்ந்தபடியே சுற்றி வரலாம். அந்தப் பழைய பாதை 20.8 கிலோமீட்டர், 73 வளைவுகள். நம்ம கொல்லிமலைக்கு 70 கொண்டை ஊசி. ஆக, ஜெர்மன்காரர் மூணே மூணு வளைவில்தான் நம்மை ஜெயித்திருக்கிறார்!

கீபோர்டில் அம்புக்குறியை அமுக்கி விளையாடுகிற சமாச்சாரத்தைச் சொல்லவில்லை. அதில் அமுக்கினால் முழு வளைவு, விட்டால் நேர். நடுவில் ஒன்றும் கிடையாது. ஸ்டீயரிங், பெடல் வைத்து ஓட்டும் ரேஸ் சிமுலேட்டர் வேறு ரகம். லாஜிடெக் ஜி29 மாதிரி ஒன்றை மேஜையில் மாட்டினால், இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை 900 டிகிரி, அதாவது இரண்டரைச் சுற்று சுற்றும். உள்ளே மோட்டார் இருக்கிறது. கம்ப்யூட்டர் அதை இயக்கி, உங்கள் கைக்கு எதிராகவே சக்கரத்தைத் திருகும். இதற்குப் பெயர் ஃபோர்ஸ் ஃபீட்பேக்.

"செல்போன் வைப்ரேட்டர் மாதிரி சும்மா உதறும், அவ்வளவுதானே சார்?" என்பீர்கள். அதுதான் இல்லை!

ஓடுகிற காரின் ஸ்டீயரிங்கைத் திருப்பினால், டயர் தரையைத் தொடும் இடத்தில் ரப்பர் முறுக்கிக்கொள்கிறது. முறுக்கினது நேராகத்தானே பார்க்கும்? அந்த இழுப்புதான் ஸ்டீயரிங் வழியாக ஏறி உள்ளங்கைக்கு வருகிறது. வளைவில் வேகம் கூடக் கூட ஸ்டீயரிங் கனக்கும். ஆனால் டயர் தன் பிடிப்பின் உச்சத்தைத் தொடுவதற்குக் கொஞ்சம் முன்னாலேயே அந்தக் கனம் குறைய ஆரம்பிக்கும். கை லேசாகும். புதுசாக ஓட்டுகிறவன், 'ஆஹா, சுலபமாத் திரும்புதே' என்று இன்னும் திருப்புவான். கார் திரும்பாது, நேராகப் போய் வேலியில் சாத்தும். பழகினவன் கை லேசான அந்தக் கணத்திலேயே ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலைத் தளர்த்திவிடுவான்.

பி.காம் படித்தவனுக்கு இது சுலபமாகப் புரியும். டயரின் பிடிப்பு என்பது மாதச் சம்பளம். பிரேக்குக்கு எவ்வளவு செலவழித்தீர்களோ, அது போக மிச்சம்தான் வளைவுக்கு. மொத்தத்தையும் பிரேக்குக்குக் கொடுத்துவிட்டு அதே நொடியில் ஸ்டீயரிங்கையும் ஒடித்தால், 28-ம் தேதி மளிகைக் கடைக்குப் போன கதைதான். அண்ணாச்சி நிமிர்ந்துகூடப் பார்க்க மாட்டார்! இன்னொன்று... பிரேக் போட்டால் காரின் எடை முன்னால் சாயும். முன் டயருக்கு அது போனஸ். பின் டயருக்கு அதே தொகை சம்பளப் பிடித்தம். வளைவின் நடுவில் பயந்துபோய் பிரேக்கை மிதித்தால் காரின் பின்பக்கம் வெளியே வீசுவது இதனால்தான்.

ஒரு வேடிக்கை. இப்போது வரும் கார்களில் எலெக்ட்ரிக் பவர் ஸ்டீயரிங். ஒற்றை விரலால் பார்க்கிங் பண்ணலாம். வசதிதான், மறுக்கவில்லை. ஆனால் டயர் அனுப்பும் சேதி பாதி வழியிலேயே வடிகட்டப்பட்டுவிடுகிறது. பழைய மாருதி 800-ல் கூழாங்கல் மேல் ஏறினால் கையில் தெரியும். முன் டயரைப் பற்றி, வாசலில் நிற்கும் புதுக் காரைவிட நல்ல சிமுலேட்டர் சக்கரம் அதிகம் பேசும். கார் வைத்திருப்பவர்கள் கோபித்துக்கொண்டாலும் பரவாயில்லை, என் கட்சி இதுதான்.

சரி, பின் டயர்? அங்கேதான் இடிக்கிறது. பின்பக்கம் வழுக்கினால் நிஜக் காரில் முதலில் தெரிவது கைக்கு அல்ல, இடுப்புக்கு. வீட்டு நாற்காலி என்ன செய்யும்? தேமே என்று நிற்கும். கண்ணில் பட்ட பிறகுதான் தெரியும். அதற்குள் கார் பாதி திரும்பியிருக்கும். ஆகவே சிமுலேட்டர்காரர்கள் டயர் கீச்சிடும் சத்தத்தைக் காதைத் தீட்டிக்கொண்டு கேட்டுப் பழகுகிறார்கள். பிரேக்கும் இதே கதை. நிஜ பிரேக்கில் கால் கற்றுக்கொள்வது எவ்வளவு பலமாக மிதிப்பது என்பதை. விலை குறைந்த பெடலோ எவ்வளவு தூரம் இறங்கியது என்பதைத்தான் அளக்கிறது.

நாமக்கல் பக்கம் இதற்கு இன்னொரு முகம் உண்டு. காஸ் டேங்கர் லாரிகளின் ஊர் அல்லவா! டேங்கருக்குள் காஸ் திரவமாக இருக்கிறது. வெயிலில் விரிய இடம் வேண்டும் என்பதால் முழுக்க நிரப்ப மாட்டார்கள். லாரி திரும்பிய பிறகு ஒரு கணம் தாமதித்து உள்ளே இருப்பது வந்து பக்கவாட்டில் மோதும். அந்த ஒரு கணத்தை எந்த மேஜை ஸ்டீயரிங்கும் சொல்லித் தராது. 1995-லேயே அசோக் லேலண்ட் தமிழக அரசுடன் சேர்ந்து டிரைவர் பயிற்சி நிலையம் தொடங்கிய ஊர் நாமக்கல். 2021-ல் மத்திய அரசு கொண்டு வந்த விதிப்படி, அங்கீகாரம் பெற்ற பயிற்சி மையம் என்றால் சிமுலேட்டர் கட்டாயம். ஆனால் கூடவே ஓட்டிப் பார்க்கத் தனிப் பாதையும் கட்டாயம். காருக்கு 29 மணி நேரம், கனரக வண்டிக்கு 38 மணி நேரம் பயிற்சி. இரண்டும் வேண்டும் என்று சொன்னவர் விஷயம் தெரிந்தவர்.

'வீடியோ கேம் ஆடியே நிஜ ரேஸ்காரர் ஆனவர் இருக்கிறாரே' என்று மடக்குவீர்கள். இருக்கிறார். பிரிட்டனின் ஜான் மார்டன்பரோ. 'கிரான் டூரிஸ்மோ' விளையாட்டில் ஓட்டிப் பழகி, 2011-ல் அதற்கான போட்டியில் ஜெயித்து, 2013-ல் லே மான் 24 மணி நேரப் பந்தயத்தில் தன் பிரிவில் மூன்றாவதாக வந்த அணியில் ஓட்டினார். 2023-ல் சினிமாவாகவும் வந்தது. கை கற்றது வீண் போகவில்லை.

ஆனால் 2015 மார்ச் 28-ம் தேதி, அதே நர்பர்க்ரிங்கில், ஒரு மேட்டில் ஏறிய அவருடைய கார் காற்றில் எழும்பி வேலியைத் தாண்டி விழுந்தது. அவர் பிழைத்தார். பார்க்க வந்திருந்த ரசிகர் ஒருவர் இறந்துபோனார். (சினிமாவில் இதை லே மானுக்கு முன்னால் நடந்ததாக மாற்றிவிட்டார்கள். நடந்தது இரண்டு வருஷம் கழித்து.) கம்ப்யூட்டரிலும் அந்த மேடு உண்டு, வேலி உண்டு. வேலிக்கு அந்தப் பக்கம் மனுஷர் கிடையாது.

ராத்திரி முழுக்க நர்பர்க்ரிங்கைச் சுற்றிவிட்டு, ஞாயிற்றுக்கிழமை நாலு நண்பர்களோடு கொல்லிமலைக்குக் கிளம்பும் தம்பிகளுக்காகத்தான் இவ்வளவும் சொல்கிறேன். எதிரே பஸ் வரும். முட்டுச் சுவருக்குப் பின்னால் குரங்கு உட்கார்ந்திருக்கும். இறக்கத்தில் பிரேக்கையே மிதித்துக்கொண்டு வந்தால் சூடேறிக் கருகல் வாடை வரும். அந்த வாடை எந்த சிமுலேட்டரிலும் வராது! தொப்பூர் கணவாயில் டீசல் மிச்சம் பிடிக்க நியூட்ரலில் இறங்கி, பிரேக் நிற்காமல் போன லாரிகளைப் பற்றி பேப்பரில் படித்திருப்பீர்கள். இறக்கத்தில் சின்ன கியர்தான், தம்பி.

கடைசியாக, வாங்கப் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. ஜி29 ரகமே இருபதாயிரத்தைத் தாண்டும். வாங்கி வந்ததும் நம்ம பசங்க முதலில் செய்வது, ஃபோர்ஸ் ஃபீட்பேக்கை நூற்றுக்கு நூறு வைத்துவிட்டு, 'லாரி மாதிரி கனமா இருக்கு மச்சி' என்று பெருமை அடிப்பது. மோட்டாரின் சக்திக்கு எல்லை உண்டு. கூட்டி வைத்தால் பெரிய இழுப்பும் அதைவிடப் பெரிய இழுப்பும் ஒரே மாதிரி தெரியும். டயர் லேசாகும் அந்தக் கணம் தெரியவே தெரியாது. கனமான வளைவிலும் கொஞ்சம் மிச்சம் இருக்கிற அளவுக்குக் குறைத்து வையுங்கள். மேஜையைச் சுவரோடு ஒட்டிப் போடுங்கள். மேலே இருக்கும் சாம்பார் கிண்ணத்தை முதலிலேயே எடுத்துவிடுங்கள். முதல் வளைவிலேயே அதுவும் பின்பக்கம் வீசும்!