காவடிப் பாதையில் கால் பிசகினால்

தைப்பூசத் திருநாளில் ஈப்போ புந்தோங் மகா மாரியம்மன் ஆலயத்திலிருந்து குனோங் சீரோ கல்லுமலை அருள்மிகு சுப்பிரமணியர் ஆலயம் நோக்கிக் காவடிகள் புறப்படுகின்றன. தோளில் பாரம், வெறுங்கால், தார்ச்சாலை, உறுமி மேளத்திற்கேற்ற ஆட்டம். இவற்றுக்கிடையே பாதம் உட்புறமாக மடங்கிவிட்டால், கணுக்காலின் வெளிப்பக்கத்தில் எலும்போடு எலும்பைப் பிணைக்கும் நார்கள் அளவுமீறி இழுபடுகின்றன. சில இழைகள் அறுந்தும் போகின்றன. இதுவே சுளுக்கு. கெண்டைக்காலிலோ தோளிலோ தசையிழைகள் அறுவது வேறு. அப்போது மூட்டில் அன்றித் தசையின் நடுவே வலிக்கும். அருள் வந்த நிலையில் இவை எதுவும் உறைப்பதில்லை. காவடி இறக்கிய பின்னரே வீக்கம் கண்ணில் படும்.

சுங்கை சிப்புட் வட்டாரத் தோட்டங்களில் இருள் பிரியுமுன் தீம்பாருக்குச் சென்று, பனியில் வழுக்கும் சரிவுகளில் பால் வாளிகளைக் காண்டாக் கம்பில் சுமந்தவர்களுக்குச் சுளுக்கு புதிதன்று. எண்ணெய் தடவி உருவிவிடக் கைதேர்ந்த பெரியவர் லயத்திலேயே இருப்பார். தோட்டங்கள் செம்பனைக்கும் வீடமைப்புக்கும் மாறியபின் நகருக்கு வந்த குடும்பங்களோடு அப்பழக்கமும் வந்தது. அதனை இகழ வேண்டியதில்லை. ஆனால் காலம் பார்த்துச் செய்தல் வேண்டும். முதல் இரண்டு நாட்களில் அழுத்தி உருவுவதும் சுடு ஒத்தடம் கொடுப்பதும் உள்ளே கசியும் இரத்தத்தைப் பெருக்கி வீக்கத்தை வளர்க்கக்கூடும். எலும்பு முறிந்திருந்தால் உருவுதல் பெருங்கேடு.

அடிபட்டவுடன் பாரத்தை இறக்கிக் காலை உயர்த்தி வைத்து, துணியில் சுற்றிய ஐஸ் கட்டியை 15 நிமிடம் வைத்தெடுக்கலாம். தண்ணீர்ப் பந்தல்களில் அதற்குப் பஞ்சமில்லை. ஐஸ் வலியைத் தணிக்குமேயன்றிக் காயத்தை ஆற்றாது. ஓய்வு, ஐஸ் என்ற முறையை 1978-இல் பரப்பிய அமெரிக்க மருத்துவர் கேப் மெர்க்கினே, ஐஸ் குணமாவதைத் தாமதப்படுத்தலாம் என்று பின்னாளில் கருத்தை மாற்றிக்கொண்டார். விரல்கள் வெளிறாதவாறு எலாஸ்டிக் துணியால் கட்டி, வலி தணியத் தணிய மெல்ல நடக்கத் தொடங்குவதே நலம். வாரக்கணக்கில் படுத்திருந்தால் மூட்டு இறுகிவிடும்.

சுளுக்கா, முறிவா? கனடாவின் ஒட்டாவா மருத்துவர்கள் 1992-இல் வெளியிட்ட சோதனை எளிது. கணுக்காலின் இருபுற எலும்புக் குமிழ்களின் பின்விளிம்பை அல்லது நுனியை அழுத்தினால் வலித்தாலும், நான்கு அடி எடுத்துவைக்க இயலாவிட்டாலும் எக்ஸ்ரே எடுக்கவேண்டும். ஈப்போவில் ராஜா பெர்மைசூரி பைனுன் மருத்துவமனை இருக்கிறது. நீரிழிவால் பாதம் மரத்துப்போனவர்கள் இச்சோதனையை நம்பலாகாது. வலியே இல்லாவிடினும், பாதம் வீங்கியோ சூடாகவோ இருந்தால் அன்றே மருத்துவரிடம் காட்டவேண்டும்.