இமை ஆபரேஷனா? முதல் 24 மணி நேரம் உஷார்!

தியாகராயநகரில் ஒரு ஜவுளிக்கடை. கல்லாவில் இருந்தவர் ராத்திரி 8 மணிக்கும் கறுப்புக் கண்ணாடி போட்டிருந்தார். வயது 52. கண்ணாடியைக் கழற்றினார். இரண்டு கண்ணைச் சுற்றியும் கருநீலம். கன்னம் வரை மஞ்சள்.

அடிதடி கேஸ் என்றே நிருபர் நினைத்தார். "யார் அடித்தது?" என்று கேட்டதும் அவர் சிரித்துவிட்டார்.

"யாரும் அடிக்கலே தம்பி. காசு கொடுத்து நானே பண்ணிக்கிட்டது" என்றார்.

தொங்கிய தோல்

அவருக்கு மேல் இமைத் தோல் தளர்ந்து தொங்கியது. "என்ன அண்ணாச்சி, தூக்கமா?" என்று வருகிறவர்கள் எல்லாம் கேட்டார்கள். 9 நாளுக்கு முன்பு ஆபரேஷன் செய்துகொண்டார். அதிகப்படித் தோலை வெட்டி எடுத்து, மெல்லிய தையல் போட்டார்கள். அன்றே வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

வீட்டில்தான் கஷ்டம் ஆரம்பம்.

முதல் 2 நாள் ஐஸ் ஒத்தடம் கொடுக்க வேண்டும். ஐஸை நேராக வைக்கக் கூடாது. துணியில் சுற்றி, அழுத்தாமல் வைக்க வேண்டும். தலைக்கு 2 தலையணை. குனியக் கூடாது. தண்ணீர்க் குடம் தூக்கக் கூடாது. கண்ணைக் கசக்கவே கூடாது.

சில நாள் இமை முழுசாக மூடாது. கண் காய்ந்து உறுத்தும். டாக்டர் தரும் சொட்டு மருந்தும் களிம்பும் அதற்குத்தான். 5 முதல் 7 நாளில் தையல் பிரிப்பார்கள். கன்றிய நிறம் மறைய 2 வாரம் ஆகலாம். ஒரு கண் அதிகமாக வீங்கும், ஒரு கண் குறைவாக வீங்கும். அதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். சரியான அமைப்பு தெரிய சில மாதம் ஆகும்.

பார்வை போகும் ஆபத்து

பயப்பட வேண்டியது வேறு. கண்ணுக்குப் பின்னால் ரத்தம் கசிந்து தேங்கினால், பார்வை நரம்பு நசுங்கும். சுமார் 2 ஆயிரம் பேரில் ஒருவருக்கு இந்தக் கசிவும், 22 ஆயிரம் பேரில் ஒருவருக்கு நிரந்தரப் பார்வை இழப்பும் வருவதாக 2004-ல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வு கூறுகிறது. பெரும்பாலும் முதல் 24 மணி நேரத்தில்தான் இது வரும்.

வலி கூடிக்கொண்டே போகிறதா? கண் வெளியே பிதுங்குகிறதா? பார்வை மங்குகிறதா? விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். உடனே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். தையலைப் பிரித்து ரத்தத்தை வெளியேற்றுவார்கள். ஒன்றரை மணி நேரம் தாண்டினாலே பார்வை திரும்பாமல் போகலாம்.

ரத்தத்தை இளக்கும் ஆஸ்பிரின் போன்ற மாத்திரை சாப்பிடுகிறவர்கள் முன்பே டாக்டரிடம் சொல்லிவிட வேண்டும். இதய நோயாளிகள் தாங்களாக அதை நிறுத்தவும் கூடாது.

எத்தனை விரல்?

"அன்னிக்கு ராத்திரி 2 மணிக்கு சம்சாரம் எழுப்பி, 'இது எத்தனை விரல்?'னு கேட்டா. எனக்குக் கோபம். ஒவ்வொரு கண்ணா மூடிச் சொல்லச் சொன்னா. இப்பத்தான் புரியுது, அவ செஞ்சதுதான் சரி" என்றார் கல்லாக்காரர்.

இப்போது யாரும் "தூக்கமா?" என்று கேட்பதில்லையாம்.

"யார்கிட்டே அடி வாங்கினீங்கன்னு கேக்கறாங்க!"